அல்லாஹ் மேல் ஆணையிட்டுவிட்டால் என்ன செய்வது?

கீழக்கரை மீன் கடையில் ஒருவர் இன்னொருவரிடம் சொல்கிறார்: "காக்கா, வர்ற வெள்ளிக்குள்ள காசத் தந்துர்றேன். அல்லா மேல ஆணை."

இந்தப் பேச்சுக்குள் இரண்டு முடிச்சு இருக்கிறது. "காசத் தந்துர்றேன்" என்பது அந்தக் காக்காவிடம் (மூத்தவரை இங்கே அழைக்கும் சொல்) போட்ட முடிச்சு. "அல்லா மேல ஆணை" என்பது அல்லாஹ்விடம் போட்டது. கையில் பணம் இருந்தும் கொடுக்காமல் வெள்ளியைக் கடத்திவிட்டால் இரண்டும் தனித்தனியாக மேலே நிற்கும். ஆணையை முறித்ததற்குப் பரிகாரம் என்று மூன்று நோன்பு வைத்துவிட்டுக் "கழிந்தது" என்று கடனை மறப்பவர்கள் உண்டு. மறு வாரம் காசைக் கொடுத்துவிட்டு ஆணையை மறப்பவர்களும் உண்டு. பரிகாரம் காக்காவின் பணத்தை அடைக்காது, காக்காவின் பணம் பரிகாரத்தை அடைக்காது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் கணக்குத்தான்.

மத்ஹபு (மார்க்கச் சட்டப் பள்ளி) பற்றியும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று இந்தக் கரையோர ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபே பெரும்பான்மை. உள்நாட்டிலிருந்து பெண் எடுத்து வந்த வீடுகளில், வேலைக்கு வந்து குடியேறியவர்களில் ஹனஃபிகள் நிறையப் பேர் உண்டு. சத்தியம், பரிகாரம் இரண்டிலும் இந்த இரு மத்ஹபுகளும் பல இடங்களில் பிரிகின்றன. கீழே பெயர் சொல்லாமல் எழுதியிருப்பது ஷாஃபிஈ சட்டம். ஹனஃபி வேறாகும் முக்கியமான இடங்களில் தனியாகக் குறித்திருக்கிறோம். அடுத்த வீட்டுக்காரர் செய்ததைப் பார்த்து அப்படியே செய்யாதீர்கள், அவர் மத்ஹபு எதுவென்று தெரியாமல்.

முதல் வேலை: வாயிலிருந்து வந்தது எது?

சொன்ன வார்த்தையை அப்படியே நினைவுபடுத்துங்கள். "அந்த மாதிரிதான் ஏதோ சொன்னேன்" என்பது போதாது. வார்த்தை மாறினால் சட்டம் மாறும்.

"அல்லாஹ் மேல் ஆணை", "அல்லாஹ் மேல் சத்தியம்", "வல்லாஹி": இவை சத்தியம். அரபியில்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. தமிழில் சொன்னாலும் கூடும்.

"குர்ஆன் மேல் சத்தியம்": இதுவும் சத்தியம்தான், குர்ஆன் அல்லாஹ்வின் பேச்சு என்பதால். கையை முஸ்ஹஃப் (குர்ஆன் நூல்) மேல் வைத்தால்தான் ஆகும், வைக்காவிட்டால் தப்பித்தோம் என்று நினைப்பது தவறு. கட்டுவது வார்த்தை, கை அல்ல.

"சத்தியமா சொல்றேன்" என்று மட்டும் சொல்லி அல்லாஹ்வின் பெயர் வரவில்லை: சத்தியமாகாது. ஆனால் அது வாக்குறுதியாக நிற்கும். பொய்யென்றால் பொய்யின் பாவமும் உண்டு.

"என் புள்ள மேல சத்தியம்", "உம்மா மேல ஆணை", தலையில் அடித்துச் சொல்வது: இவை சத்தியமாகா, முறித்தால் பரிகாரமும் இல்லை. அதற்காக லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. உமர் (ரலி) தம் தந்தையின் மேல் சத்தியம் செய்வதைக் கேட்ட நபி (ஸல்), சத்தியம் செய்பவர் அல்லாஹ்வின் மேல் செய்யட்டும், இல்லையேல் வாய்மூடி இருக்கட்டும் என்று சொன்னதை ஹதீஸ் தொகுப்பாளர்களான புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்திருக்கிறார்கள். நம் ஊரில் அதிகம் புழங்குவதும் பிள்ளை மேல் சத்தியம்தான். முறித்தால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நடுங்குபவர்களுக்குச் சொல்ல வேண்டியது: அப்படி ஒன்றும் ஆகாது. செய்ய வேண்டியது தவ்பா, அதாவது வருந்தி அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்பது.

"இனிமே உங்க வீட்டுத் தண்ணிகூட எனக்கு ஹராம்": கல்யாண வீட்டுச் சண்டையில் தவறாமல் கேட்கலாம். உணவையும் தண்ணீரையும் இப்படித் தன் மேல் ஹராமாக்கிக்கொண்டால் ஷாஃபிஈயில் அது வீண் பேச்சு. போய்ச் சாப்பிடலாம், பரிகாரம் இல்லை. ஹனஃபியில் இது சத்தியமாகக் கணக்காகும், சாப்பிட்டால் பரிகாரம் உண்டு.

"அப்படிச் செஞ்சா நான் முஸ்லிமே இல்ல": ஷாஃபிஈயில் சத்தியமாகாது, ஆனால் கடும் பாவமான பேச்சு. தவ்பா செய்து கலிமா (இஸ்லாமிய நம்பிக்கை வாசகம்) சொல்லிக்கொள்ள வேண்டும். ஹனஃபியில் சத்தியமாகவும் ஆகும்.

"அல்லாவுக்காக இன்னொரு கை சோறு வச்சுக்கங்க": விருந்தில் இப்படிச் சொல்வது பெரும்பாலும் வேண்டுகோள்தான். சொன்னவர் தானே சத்தியம் செய்வதாக நிய்யத் (மனதில் எண்ணம்) வைத்திருந்தால் மட்டும் சத்தியம். முடிந்தால் அவர் பேச்சைக் காப்பாற்றுங்கள், ஒரு கை சோறுதானே.

பேச்சோடு பேச்சாக "வல்லாஹி இல்ல", "வல்லாஹி ஆமா" என்று எண்ணமே இல்லாமல் வாயில் வருவதற்குக் குற்றம் பிடிப்பதில்லை என்று குர்ஆன் 2:225 சொல்கிறது. ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு சொன்னது இந்தக் கணக்கில் வராது. மறுநாள் வசதிப்படவில்லை என்றவுடன் "சும்மா வாயில வந்தது" என்பவர்கள் தங்களைத்தான் ஏமாற்றிக்கொள்கிறார்கள்.

நடந்து முடிந்ததைப் பற்றித் தெரிந்தே செய்யும் பொய்ச் சத்தியம் தனி வகை. "வாங்கவே இல்ல, வல்லாஹி" என்று வாங்கியவர் சொல்வது. அரபியில் இதற்கு கமூஸ் என்று பெயர், முங்கடிப்பது என்று பொருள். செய்தவரைப் பாவத்தில் முங்கடிக்கும். சங்கு குளிக்கும் ஊர்களில் இந்தச் சொல்லுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. ஷாஃபிஈயில் இதற்குத் தவ்பாவோடு பரிகாரமும் கடமை. ஹனஃபியில் பரிகாரம் கிடையாது. அது சலுகை அல்ல, பரிகாரமாகப் பத்துப் பேருக்கு அரிசி கொடுத்துக் கழுவக்கூடிய அளவை அது தாண்டிவிட்டது என்பதே அவர்கள் கருத்து. இரண்டிலும் அடுத்தவரின் உரிமையைத் திருப்பித் தராமல் தவ்பா நிறைவேறாது.

ஜமாஅத் பஞ்சாயத்திலோ நீதிமன்றத்திலோ சத்தியம் வாங்கப்பட்டால் சொல்லுக்குள் வேறு அர்த்தம் ஒளித்து வைப்பது உதவாது. சத்தியம் வாங்குபவர் என்ன அர்த்தத்தில் வாங்கினாரோ அதுதான் கணக்கு.

முறிக்கலாமா, காக்க வேண்டுமா?

கடமையைச் செய்வதாகவோ பாவத்தை விடுவதாகவோ சத்தியம் செய்திருந்தால் காக்க வேண்டும். பாவம் செய்வதாகச் சத்தியம் செய்திருந்தால் முறிப்பதே கடமை, பரிகாரமும் உண்டு.

நடைமுறையில் சிக்கல் நடுவில் இருப்பவற்றில்தான். தங்கச்சி வீட்டுப் படி ஏறமாட்டேன், மச்சானுக்குக் கடன் தரமாட்டேன், பள்ளிவாசல் நிர்வாகத்தில் பேசமாட்டேன். "அல்லா மேல சத்தியம் பண்ணிட்டேன், என்ன செய்ய" என்று பத்து வருடம் தங்கச்சியைப் பார்க்காமல் இருப்பதை மார்க்கப் பற்று என்று நினைக்கிறார்கள். 2:224 இதைத்தான் தடுக்கிறது: நன்மை செய்யாமல் இருக்க, உங்கள் சத்தியங்களுக்கு அல்லாஹ்வைத் தடையாக ஆக்காதீர்கள். அபூபக்ர் (ரலி) தம் உறவினர் மிஸ்தஹுக்கு இனி உதவமாட்டேன் என்று சத்தியம் செய்தார். காரணம் சாதாரணமானதல்ல, மகள் ஆயிஷா (ரலி) மேல் பரப்பப்பட்ட அவதூறில் மிஸ்தஹும் சேர்ந்திருந்தார். 24:22 இறங்கியதும் உதவியை மறுபடி தொடங்கினார். சத்தியம் செய்த பிறகு அதைவிட நல்லது வேறொன்று தெரிந்தால் நல்லதைச் செய், சத்தியத்துக்குப் பரிகாரம் கொடு என்பது நபிமொழி. தங்கச்சி வீட்டுக்குப் போங்கள். போவதற்கு முன்பே அரிசியைக் கொடுத்துவிட்டும் போகலாம். உணவு, உடைப் பரிகாரத்தை முறிப்பதற்கு முன் கொடுப்பது ஷாஃபிஈயில் கூடும். நோன்பை மட்டும் முறித்த பிறகே வைக்க வேண்டும். ஹனஃபியில் எதுவானாலும் முறித்த பிறகுதான்.

மறந்துபோயோ கட்டாயப்படுத்தப்பட்டோ செய்தால் ஷாஃபிஈயில் முறிந்ததாகாது, சத்தியம் அப்படியே நீடிக்கும். ஹனஃபியில் முறிந்துவிடும்.

"இன்ஷா அல்லாஹ்" சொன்னால்? சத்தியத்தோடு ஒட்டி, இடைவெளி விடாமல், அல்லாஹ் நாடினால் மட்டுமே என்ற எண்ணத்தோடு, தன் காதுக்குக் கேட்கும்படி சொன்னால் சத்தியம் கட்டாது. அந்த எண்ணம் சத்தியத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து யோசித்துச் சேர்த்துக்கொள்ள முடியாது. பரக்கத்துக்காகப் பழக்கத்தில் சொன்னதும் இதற்குப் போதாது.

பரிகாரம் கொடுக்கும் முறை

குர்ஆன் 5:89 சொல்லும் வரிசை: பத்து ஏழைகளுக்கு உணவு, அல்லது அவர்களுக்கு உடை, அல்லது ஓர் அடிமையை விடுதலை செய்தல். இவற்றுக்கு வழியில்லாதவர் மூன்று நாள் நோன்பு. அடிமை இன்று இல்லை, எனவே உணவு அல்லது உடை. நோன்பு கடைசியில்தான் வருகிறது. இங்கேதான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள்: கையில் வசதி இருக்க, நோன்பு செலவில்லாதது என்று நேரே மூன்று நோன்புக்குப் போகிறார்கள். அது நிறைவேறாது. தன் செலவுக்கும் தன்னை நம்பியிருப்பவர் செலவுக்கும் போக மிச்சமில்லாதவருக்கே நோன்பு.

உணவு என்றால் ஒவ்வொருவருக்கும் ஒரு முத்து. இது அரபு அளவை, கடல் முத்தல்ல. நடுத்தர உடல்வாகுள்ள ஆள் இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து அள்ளினால் வருவது. முகத்தல் அளவு என்பதால் எடையில் ஆளுக்கு ஆள் வேறு சொல்வார்கள்; சிலர் 600 கிராம் என்கிறார்கள். தலைக்கு முக்கால் கிலோ என்று வைத்துக்கொண்டால் கையில் அள்ளும் அளவுக்குக் குறையாது. பத்துப் பேருக்கு ஏழரைக் கிலோ. ஊரில் வழக்கமாக உண்பது எதுவோ அதையே கொடுக்க வேண்டும், இங்கே அரிசி. வீட்டில் உலை வைக்கும் தரம் இருக்கட்டும். வண்டு விழுந்ததும் மக்கிய வாடை வீசுவதும் ஆகாது.

செய்யும் வரிசை:

1. ஏழரைக் கிலோ அரிசி வாங்கிப் பத்துப் பைகளில் முக்கால் முக்கால் கிலோவாகக் கட்டுங்கள். மொத்தமாகக் கொண்டுபோய் அங்கே அள்ளிப் போடுவதில்தான் கணக்கு பிசகும்.

2. பிரித்து வைக்கும்போதோ கொடுக்கும்போதோ "இது என் சத்தியத்தின் கஃப்பாரா (பரிகாரம்)" என்று நிய்யத் வையுங்கள். நிய்யத் இல்லாமல் கொடுத்த அரிசி சதக்காவாகும் (சாதாரண தர்மம்), பிறகு இதற்குத் திருப்பிக்கொள்ள முடியாது.

3. பத்து ஏழைகளைப் பெயர் சொல்லி எண்ணுங்கள். ஏழை, மிஸ்கீன் (வறியவர்) என்ற பங்கில் ஜகாத் (கடமையான தர்மம்) வாங்கத் தகுதியுள்ளவர்களாக இருக்க வேண்டும். பெற்றோர், பிள்ளைகள், மனைவி என்று உங்கள் செலவில் இருப்பவர்கள் சேர மாட்டார்கள். ஏழை மாமியோ மச்சானோ சேரலாம்.

4. ஒருவருக்கு ஒரு பை. ஒரே வீட்டில் ஐந்து ஏழைகள் இருந்தால் ஐந்து பை கொடுக்கலாம், ஆள் ஐந்து என்பதால். ஒரே ஆளுக்குப் பத்துப் பை கொடுத்தால் ஒருவருக்குக் கொடுத்ததாகவே கணக்கு. இன்னும் ஒன்பது பேர் பாக்கி.

5. பள்ளிவாசலில் ஒப்படைப்பதானால் "கஃப்பாரா, பத்துப் பேருக்கு, அரிசியாகவே" என்று சொல்லி ஒப்படையுங்கள். சொல்லாமல் கொடுத்தால் அது மதரசா அண்டாவில் சோறாகிவிடும். ஷாஃபிஈயில் சமைத்த சோறு போடுவது இந்தப் பரிகாரத்துக்குப் போதாது, பணமும் போதாது. தானியம் ஏழையின் கைக்குச் சொந்தமாகப் போய்ச் சேர வேண்டும்.

ஹனஃபி சட்டம் இதில் வேறு: பத்து ஏழைகளுக்கு இரண்டு வேளை வயிறு நிறையச் சோறு, அல்லது தலைக்கு ஒரு ஃபித்ரா (நோன்புப் பெருநாள் தர்மம்) அளவு தானியம், அல்லது அதன் விலை. ஒரே ஏழைக்குப் பத்து நாள் கொடுத்தாலும் கூடும்.

உடையைத் தேர்ந்தெடுத்தால் பத்துப் பேருக்குப் பத்து உருப்படி. கைலி, சட்டை, துப்பட்டா, தலைத்துண்டு எதுவானாலும் சரி. செருப்பு, கையுறை ஆகாது, தொப்பியும் போதாது. உடுத்தியதாக இருக்கலாம், நைந்துபோனதாக இருக்கக் கூடாது. ஹனஃபியில் உடலின் பெரும்பகுதியை மறைக்கும் உடையாக வேண்டும். ஐந்து பேருக்கு அரிசி, ஐந்து பேருக்குக் கைலி என்று கலப்பது ஷாஃபிஈயில் செல்லாது.

வழியில்லாமல் நோன்புக்கு வந்தவர் ஒவ்வோர் இரவும் சுபுஹுக்கு (விடியலுக்கு) முன் "சத்தியத்தின் கஃப்பாரா நோன்பு" என்று நிய்யத் வைக்க வேண்டும். விட்டுவிட்டு வைக்கலாம், ஹனஃபிகள் தொடர்ச்சியாக வைக்க வேண்டும். இரு பெருநாட்கள், துல்ஹஜ் 11, 12, 13, ரமலான் மாதம் ஆகியவற்றில் இது கூடாது.

ஒரே விஷயத்தை வலியுறுத்தி நாலு தடவை ஆணையிட்டிருந்தால் ஒரே பரிகாரம். வெவ்வேறு விஷயங்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி. ஒருமுறை முறிந்துவிட்டால் அந்தச் சத்தியம் அவிழ்ந்துவிடும்; தங்கச்சி வீட்டுக்கு இரண்டாம் முறை போவதற்கு மறுபடி அரிசி வேண்டாம்.

நேர்ச்சை

"உம்மாவுக்கு உடம்பு நல்லாயிட்டா அல்லாஹ்வுக்காக ஒரு கிடா அறுத்து ஏழைகளுக்குக் கொடுப்பேன்." இது நேர்ச்சை. வாயால் சொல்லியிருக்க வேண்டும். மனதில் நினைத்தது கட்டாது. உம்மா எழுந்து நடமாடிய பிறகு கிடா கடமையாகிவிட்டது, இங்கே பத்துப் பேர் அரிசியைக் காட்டித் தப்ப முடியாது.

அதிகம் பிசகுவது கறியில். நேர்ந்த கிடாவில் நேர்ந்தவரும் அவர் செலவில் உள்ளவர்களும் ஒரு துண்டுகூடச் சாப்பிடக் கூடாது. வசதியுள்ள சொந்தக்காரர்களுக்கும் பங்கில்லை. நம் வழக்கமோ ஆட்டை அறுத்து, பிரியாணி போட்டு, தெருவையே கூப்பிட்டு, மிச்சத்தை ஏழைக்கு அனுப்புவது. தெரியாமல் சாப்பிட்டிருந்தால் சாப்பிட்ட அளவைக் கணக்கிட்டு ஏழைகளுக்கு ஈடு கொடுக்க வேண்டும். குடும்பமும் சாப்பிட வேண்டுமென்றால் நேர்ச்சையாகச் சொல்லாதீர்கள், "நல்லபடியானா ஒரு விருந்து வைக்கலாம்" என்பதோடு நிறுத்துங்கள்.

ஏர்வாடி தர்காவுக்கு நேர்ந்துகொள்பவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். நேர்ச்சை வணக்கம், அது அல்லாஹ்வுக்கு மட்டுமே; அங்கே அடங்கியிருக்கும் வலியுல்லாவின் (இறைநேசரின்) பெயருக்கு நேர்வது கூடாது. "அல்லாஹ்வுக்காக, ஏர்வாடியில் உள்ள ஏழைகளுக்கு" என்று நேர்ந்திருந்தால் அங்கே உள்ள ஏழைகளுக்கே கொடுக்க வேண்டும், பக்கத்துத் தெருவில் முடித்துக்கொள்ள முடியாது.

உடம்பை வருத்திக்கொள்ளும் நேர்ச்சைகளுக்கு அபூ இஸ்ராயீல் என்பவரின் செய்தி போதும். வெயிலில் நிற்பேன், உட்காரமாட்டேன், நிழலுக்குப் போகமாட்டேன், பேசமாட்டேன், நோன்பு வைப்பேன் என்று நேர்ந்திருந்தார். பேசச் சொல்லுங்கள், நிழலுக்குப் போய் உட்காரச் சொல்லுங்கள், நோன்பை மட்டும் முடிக்கட்டும் என்றார்கள் நபி (ஸல்). பாவத்துக்கான நேர்ச்சை நிறைவேற்றப்படாது. ஷாஃபிஈயில் அதற்குப் பரிகாரமும் இல்லை.

கோபத்தில் "அவன் வாசப்படி மிதிச்சா ஒரு மாசம் நோன்பு என் மேல கடமை" என்றால் அது வேறு. மிதித்துவிட்டால் ஒரு மாதம் நோன்பு வைக்கலாம், அல்லது சத்தியத்தின் பரிகாரம் கொடுக்கலாம், விருப்பம் அவருடையது.

மனிதரோடு செய்யும் ஒப்பந்தம்

வெறும் வாக்குறுதியைக் காப்பது ஷாஃபிஈயில் வலியுறுத்தப்பட்ட சுன்னத் (செய்தால் நன்மை, கடமையல்ல). முதலிலேயே காப்பாற்றும் எண்ணமில்லாமல் கொடுப்பது ஹராம். விற்பனை, கூட்டு, கூலி, கடன் என்று ஒப்பந்தமாகிவிட்டால் அது சுன்னத் என்ற அளவில் நிற்காது. 5:1 "ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள்" என்று ஆணையாகவே சொல்கிறது. மாற்று மதத்தவரோடு செய்ததும் இதே கனம்தான். ஹுதைஃபா (ரலி) தம் தந்தையோடு மதீனா வரும் வழியில் மக்காவின் குறைஷிக் குலத்தார் அவர்களைப் பிடித்து, போரில் சேரமாட்டோம் என்று வாக்கு வாங்கிக்கொண்டு விட்டார்கள். பத்ருப் போருக்கு ஆள் தேவைப்பட்ட நேரத்திலும் நபி (ஸல்) அவ்விருவரையும் சேர்க்காமல், அந்த வாக்கைக் காக்கச் சொன்னார்கள்.

குர்ஆனின் மிக நீளமான வசனம் 2:282, கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. "சொந்தத்துக்குள்ள எதுக்கு எழுத்து" என்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். ஒரு தாளில் எழுத வேண்டியவை: யார் யாருக்கு, எவ்வளவு (எண்ணாலும் எழுத்தாலும்), எந்தத் தேதிக்குள், இரண்டு சாட்சி. கடன் வாங்கியவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும், அப்படித்தான் வசனமும் சொல்கிறது. சஃபர் (வெளிநாட்டுப் பயணம்) கிளம்புபவர்கள் விமானம் ஏறுவதற்கு முன் இந்தத் தாளின் நகலை வீட்டில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

படகு விஷயத்தில் தகராறு வருவது பெரும்பாலும் எழுதாமல் விட்ட இடங்களில். பங்கு பிரிப்பதற்கு முன் எதையெல்லாம் கழிப்பது: டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான், வலை ஒட்டும் கூலி? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு ஆட்களுக்குக் கொடுக்கும் பணம் கடனா, அன்பளிப்பா? "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டது ஜூன் பதினைந்தில் சண்டையாகக் கரைக்கு வரும்.

வியாபாரி அட்வான்ஸ் கொடுத்து, கடன் தீரும் வரை மீனைச் சந்தை விலைக்குக் குறைவாகத் தனக்கே போட வேண்டும் என்று நிபந்தனை வைப்பது பல கரைகளில் வழக்கம். கொடுத்த கடனுக்குப் பதிலாக லாபம் கறக்கும் அந்த நிபந்தனை வட்டி. ஹராமை ஹலாலாக்கும் நிபந்தனை முஸ்லிமைக் கட்டாது. வாங்கிய முதலை மட்டும் முழுதாகத் திருப்பித் தருவது கடமை. விலைக் குறைப்பை விட்டுவிட்டு, அட்வான்ஸை முழுதாகத் தவணை போட்டு எழுதிக்கொள்வது இருவருக்கும் வழி.

ஒப்பந்தத்திலிருந்து விலக வேண்டுமென்றால் எதிராளியிடம் முகத்துக்கு நேரே சொல்லி, அவர் சம்மதத்தோடு விலகுங்கள். வராமல் இருந்து தெரியப்படுத்துவது மோசடி.

இதைப் படித்துத் தீர்க்கக் கூடாதவை

மூன்று பேச்சுகளுக்கு இந்தக் கட்டுரையின் கணக்கு பொருந்தாது. "இதைச் செஞ்சா என் பொண்டாட்டிக்குத் தலாக்" என்று தலாக்கைக் கட்டிச் சொன்னது. "நீ எனக்கு உம்மா மாதிரி" என்று மனைவியைத் தாயோடு ஒப்பிட்டு விலக்கியது. இதன் பரிகாரம் தொடர்ச்சியாக இரண்டு மாதம் நோன்பு, முடியாவிட்டால் அறுபது ஏழைகளுக்கு உணவு. மனைவியை நெருங்கமாட்டேன் என்று சத்தியம் செய்தது. 2:226 இதற்கு நான்கு மாதக் கெடு வைத்திருக்கிறது, நாள் ஓடிக்கொண்டிருக்கும்.

இவற்றில் எது வாயில் வந்திருந்தாலும் அன்றைக்கே ஊர் ஹஜ்ரத்திடம் (மார்க்க அறிஞரிடம்) போங்கள். போகுமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: சொன்ன வார்த்தை எழுத்துக்கு எழுத்து, அப்போது மனதில் என்ன இருந்தது, எந்தத் தேதி, பக்கத்தில் யார் இருந்தார்கள், உங்கள் மத்ஹபு எது. வார்த்தையைக் கேட்ட மனைவியும் தனியாக ஒரு தாளில் எழுதட்டும். இரண்டு தாளும் ஒத்துப்போகாவிட்டால் அதையும் ஹஜ்ரத்திடம் மறைக்காமல் சொல்லுங்கள்.